விமானத்தில் கட்டாயம், வேனில் விருப்பம்: குழுவினரும் சீட் பெல்ட்டும்

கேள்வி, 6 ஜனவரி 2025

என் மகள் சென்ற ஆண்டு ஒரு விமான நிறுவனத்தின் கேபின் குழுவில் சேர்ந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு வாசலுக்குக் கேப் வந்துவிடுகிறது. நேற்று அவளை வழியனுப்பக் கீழே போனபோதுதான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கேப்டன் ஒருவர், சீருடையில் இரண்டு பெண்கள். ஓட்டுநரைத் தவிர ஒருவர்கூடப் பெல்ட் போட்டிருக்கவில்லை. ஏறி உட்கார்ந்த என் மகளும் போடவில்லை. வரிசை வரிசையாக நடந்து ‘பெல்ட் போடுங்கள்’ என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இவர்கள்தானே? கேட்டால், ‘எல்லாரும் அப்படித்தான்ப்பா’ என்கிறாள். எல்லாருமே அப்படித்தானா?

6 ஜனவரி, இரவு

ஏறக்குறைய எல்லாரும் அப்படித்தான். பல ஆண்டுகள் கேபினில் வேலை பார்த்து, பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இப்போது ஓய்வில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அதோடு விஷயம் முடியாது. விமானத்தில் எந்த வரிசை முதல் எந்த வரிசை வரை யார் பார்க்க வேண்டும் என்பது பறப்பதற்கு முந்தைய கூட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. பார்த்து முடித்தவர் மூத்தவரிடம் சொல்ல வேண்டும், மூத்தவர் விமானி அறைக்குச் சொல்ல வேண்டும், அதன் பிறகே விமானம் ஓடுபாதையில் ஏறும். ஆக, கேபினில் இருக்கும் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் பொறுப்பு. கேப்பில் நான்கு பேர் இருந்தும் எந்தப் பெல்ட்டுக்கும் யாரும் பொறுப்பில்லை. எங்கள் ரோஸ்டரில் வேலை தொடங்குவது விமான நிலையத்தில் கையெழுத்திடும் நேரத்தில்தான். வீட்டு வாசலிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை நாங்கள் வெறும் பயணிகள். பயணிகள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்கிறோம்.

8 ஜனவரி

‘பொறுப்பு கிடக்கட்டும், கொக்கி எங்கே என்று முதலில் சொல்லுங்கள்’ என்று பணியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

வாடகை இன்னோவாவின் பின்னிருக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கவர் தைத்தவர் கொக்கிகளுக்கு இடம் விட்டிருக்க மாட்டார். அதன் மேல் உரிமையாளர் ஒரு வெள்ளை டவலும் விரித்திருப்பார். மெத்தைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவில் விரலை விட்டால் முதலில் வருவது பிஸ்கட் தூள், அடுத்து ஒரு தண்ணீர் பாட்டில் மூடி, அதற்கும் அடியில் எங்கோ கொக்கியின் விளிம்பு தட்டுப்படும், பிடிக்கப் போனால் நழுவிவிடும். இருட்டு வேறு. எங்களுக்கு நகப்பூச்சும் சீருடையில் சேர்த்தி. நகப்பூச்சு உதிர்ந்திருந்தால் தோற்றச் சோதனையில் கேள்வி வரும். கேப்பில் பெல்ட் போடாமல் வந்ததற்கு எந்தச் சோதனையிலும் கேள்வி வராது. விடியற்காலை மூன்றரை மணிக்கு இந்த இரண்டில் எதைக் காப்பாற்றுவீர்கள்?

உட்காரும் வரிசையிலும் ஒரு படிநிலை உண்டு. கேப்டன் நடுவரிசையில் சன்னலோரம் உட்காருவார், மூத்தவர் அவருக்குப் பக்கத்தில். சேர்ந்து சில மாதங்களே ஆன பெண் கடைசி வரிசையில் மடங்கி உட்கார வேண்டும். கொக்கிகள் மிக ஆழமாகப் புதைந்திருப்பது அந்தக் கடைசி வரிசையில்தான், ஏனென்றால் அங்கே யாரும் நெடுநாள் உட்காருவதில்லை. பெட்டிகளுக்கு இடம் போதாமல் அந்த வரிசையின் பாதியை மடக்கி, எல்லாருடைய டிராலி பெட்டிகளையும் அவள் தோளுக்கு அருகிலேயே அடுக்குவார்கள். எதையும் கட்டுவதில்லை. விமானத்தில் மேல்தட்டு சரியாக மூடாவிட்டால் புறப்பட விடமாட்டோம்.

8 ஜனவரி, பிற்பகல்

பெட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி நின்றால், பத்து கிலோ பெட்டி அந்தக் கணத்தில் இருநூறு கிலோ விசையோடு முன்னால் வரும். பெட்டிக்குப் பொருந்துவது ஐம்பது கிலோ மனிதருக்கும் பொருந்தும். 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏராளமான விபத்துகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பெல்ட் போடாத ஒருவர் பின்னால் இருந்தால், முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுவதாகக் கண்டார்கள். ஆகவே, ‘என் உயிர், என் விருப்பம்’ என்று ஒரு முதல் அதிகாரி (துணை விமானி) இங்கே எழுதியிருப்பது கணக்கில் நிற்காது. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

13 ஜனவரி

இன்று போகி. நள்ளிரவிலிருந்தே தாம்பரம் பக்கம் புகை. 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போனது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் புகையில் விமானம் காத்திருக்கும், ஓடுபாதையில் பார்வைத் தூரம் இத்தனை மீட்டர் வந்தால்தான் இறங்கலாம் என்று கணக்கு உண்டு. அதே புகையில் ஜிஎஸ்டி சாலையில் குழுவை ஏற்றிவரும் கேப்புக்கு அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. கையெழுத்திடும் நேரம் தவறக் கூடாது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

15 ஜனவரி

‘நகருக்குள் அரைமணி நேரம், மெதுவாகத்தான் போகிறோம்’ என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

பகலில் பல்லாவரம் பாலத்தில் மெதுவாகப் போவது உண்மை. ஆனால் குழுவினரின் கேப் ஓடுவது பெரும்பாலும் சாலை காலியாகக் கிடக்கும் நேரத்தில். காலிச் சாலையில், இரண்டு பிக்கப் முடித்து மூன்றாவதற்குத் தாமதமாகிக்கொண்டிருக்கும் ஓட்டுநர் எண்பதுக்குக் குறைய மாட்டார். எதிரே சிக்னலை மதிக்காத தண்ணீர் லாரி, நடுவில் படுத்திருக்கும் மாடு, வெளிச்சமில்லாமல் நிற்கும் டிரெய்லர், எல்லாமே அந்த நேரத்துக்கு உரியவை. ஐம்பதிலேயே மோதினாலும் அது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். எண்பதில் அது எட்டாவது மாடி. கையை முன்னிருக்கையில் ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் மூன்றாவது மாடியிலிருந்து கையை ஊன்றிக் குதித்துப் பார்க்கட்டும்.

விமான நிலையச் சாலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜான் நாஷ். நோபல் பரிசு பெற்ற கணித மேதை. 2015 மே மாதம் நார்வேயில் ஏபல் பரிசு வாங்கிக்கொண்டு மனைவி அலிசியாவோடு அமெரிக்கா திரும்பினார். நுவார்க் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு டாக்சி பிடித்தார்கள். நியூஜெர்சி நெடுஞ்சாலையில் இன்னொரு காரை முந்தப் போன டாக்சி தடுப்பு வேலியில் மோதியது. பின்னிருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றே காவல்துறை சொன்னது. வெளியே வீசப்பட்டு இறந்தார்கள். ஓட்டுநர் பிழைத்தார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த பயணத்தில் ஆபத்து மிகுந்திருந்தது அந்தக் கடைசித் துண்டில்தான்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் 2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலம். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போன கார் விலையுயர்ந்தது, காற்றுப் பைகளும் இருந்தன. பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். முன்னிருக்கையில் இருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள். அதன் பிறகு சில வாரங்களுக்கு எங்கள் கேப்களில் க்ளிக் சத்தம் கேட்டது. தீபாவளிக்குள் நின்றுவிட்டது.

19 ஜனவரி

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு.

பின்னிருக்கையிலும் பெல்ட் கட்டாயம் என்பது புதிதல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 138-இல் அது ஏற்கெனவே இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்ற பிரிவு வந்தது. பெல்ட் இல்லாமல் ஓட்டுபவருக்கும், பெல்ட் அணியாத பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம். இரண்டாவது பகுதியை நிதானமாகப் படியுங்கள். அபராதம் கேப்டனுக்கு அல்ல, பிடிவாதமாகப் பெல்ட் போடாதவருக்கும் அல்ல, ஏற்றிச் செல்பவருக்கு. அந்த வண்டிக்குள் இருக்கும் அத்தனை பேரிலும் மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் மனிதர், அத்தனை பேரிடமும் ‘சார்’, ‘மேடம்’ என்று பேசியாக வேண்டிய மனிதர், சட்டத்தின் கண்ணில் அவர்தான் பொறுப்பாளி.

போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாடு முழுவதும் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஓட்டுநர்கள் 8,384. மற்ற 8,331 பேர் பயணிகள். கிட்டத்தட்ட சரிபாதி. சாலையில் நின்று பிடிக்கும் காவலர் முன்சன்னலுக்குள் மட்டும்தான் எட்டிப் பார்க்கிறார்.

பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றுவதற்கென்று ஒரு சிறு உலோகத் துண்டு விற்கிறார்கள், தெரியுமா? கொக்கியில் அதைச் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாகக் கார் நம்பிவிடும். 2023 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு ஆணையிட்டு, அத்தகைய 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. பதிமூன்றாயிரம்! பெல்ட் போடுவதைத் தவிர்க்க நாம் செலவழிக்கும் மூளையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

20 ஜனவரி

ஓட்டுநர் ஒருவர் எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தி அப்படியே தருகிறேன்.

‘மேடம், நான் ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் சொன்னால் போட்டுவிடுவார்கள். பெரிய சார்கள் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள், பேச மாட்டார்கள். மறுநாள் டிரான்ஸ்போர்ட் டெஸ்கில் என் பேரில் ஒரு புகார் இருக்கும். பெல்ட் போடச் சொன்னான் என்று இருக்காது, வண்டியில் ஏசி சரியில்லை என்று இருக்கும். இரண்டு புகார் வந்தால் அந்த மாதம் எனக்கு ஏர்போர்ட் டிரிப் கிடையாது. அதனால் இப்போது சொல்வதை விட்டுவிட்டேன். நான் மட்டும் போட்டுக்கொள்கிறேன்.’

சட்டத்தைப் பற்றி நேற்று நான் எழுதியதைவிட இது தெளிவாக இருக்கிறது. அண்ணனுக்கு நன்றி.

27 ஜனவரி

விமானத்துறைக்கும் சாலை பெல்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று கிண்டலாகக் கேட்ட தம்பிக்கு. நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நெருங்கிய தொடர்பு உண்டு.

கர்னல் ஜான் பால் ஸ்டாப் என்று அமெரிக்க விமானப்படையில் ஒரு மருத்துவர் இருந்தார். வேகம் திடீரென்று நின்றால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, ராக்கெட் பொருத்திய ஒரு வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளத்தில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி ஒன்றரை நொடிக்குள் நின்றது. அவர் உடல் தாங்கியது புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு. கண்களில் இரத்தம் கட்டியது. ஆனால் பிழைத்தார், பார்வையும் திரும்பியது. அவரைப் பிழைக்க வைத்தது உடலைச் சுற்றிய பட்டைகள்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். விமானப்படையில் இறப்பவர்களின் பட்டியலைப் பார்த்தபோது, விமான விபத்தில் இழக்கும் விமானிகளைவிடக் கார் விபத்தில் இழக்கும் விமானிகள் அதிகம் என்று தெரிந்தது. விமானப்படைப் பணத்தில் எதற்குக் கார்களை மோதவிட்டுப் பார்க்கிறாய் என்று மேலதிகாரிகள் கேட்டபோது, இந்தக் கணக்கைத்தான் அவர் எடுத்து நீட்டினார். 1955-இல் கார் விபத்து ஆய்வுக்காக அவர் தொடங்கிய மாநாடு அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. 1966-இல் அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது ஸ்டாப்பும் உடனிருந்தார்.

இன்னொருவர் நில்ஸ் போலின். தோளிலிருந்து இடுப்புக்கு வரும் இன்றைய மூன்று முனைப் பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்துக்காக உருவாக்கியவர். அதற்கு முன்பு அவர் வேலை பார்த்தது சாப் நிறுவனத்தில், போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைக்கும் பிரிவில். அந்தக் காப்புரிமையை வோல்வோ மற்றக் கார் நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. ஆகவே, கேப்பின் கவருக்கு அடியில் புதைந்து கிடப்பது விமானத்துறையிலிருந்து போன ஒருவரின் கைவேலை. நம் பிள்ளைகள்தான் அதைத் தோண்டி எடுக்கச் சோம்பல்படுகிறார்கள்.

28 ஜனவரி

தம்பி இன்னும் பதில் எழுதவில்லை.

2 பிப்ரவரி

தூக்கம். இதைத் தொடாமல் பேசினால் நேர்மையாகாது.

இரவு முழுக்க நின்றுவிட்டுக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் கேப்பில், கதவை மூடிய இரண்டாவது நிமிடம் தலை சாய்ந்துவிடும். பெல்ட் போட்டால் தூங்க முடியாது என்பதுதான் நான் அதிகம் கேட்ட காரணம், கேட்டதிலேயே உண்மையான காரணமும் அதுதான். மற்றக் காரணங்கள், மடிப்பு கலையும், பெயர்ப்பட்டை குத்தும் என்பவையெல்லாம், வேலைக்குப் போகும்போது மட்டும் வருபவை; திரும்பும்போது மடிப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

கழுத்துக்கு மேல் கொண்டை போட்டிருப்பவருக்குத் தலைச்சாய்வில் நேராகச் சாய முடியாது. கொண்டை தலையை முன்னால் தள்ளும். அதனால் சன்னல் பக்கம் திரும்பிச் சுருண்டுகொள்வார். அப்படித் திரும்பினால் தோள் பெல்ட் கழுத்தை அறுக்கும். உடனே அதை அக்குளுக்குக் கீழே தள்ளிவிடுவார். இது போடாமலிருப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். மோதலில் அந்தப் பட்டை விலா எலும்பையும் அதற்குக் கீழிருக்கும் கல்லீரலையும் மண்ணீரலையும் நசுக்கும். இருக்கையை முழுக்கச் சாய்த்துவிட்டுப் பெல்ட் போடுவதும் அதே கதைதான்: தோள் பட்டை மார்பை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும், உடல் அதற்கடியில் வழுக்கிக்கொண்டு போகும்.

எனக்கு உதவியவை இரண்டு. வண்டியில் ஏறியதும் முதலில் கொண்டை ஊசிகளைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். திரும்பும் பயணத்தில் யாரும் தோற்றம் பார்ப்பதில்லை. அடுத்தது, சேலை கட்டும் நாட்களில் வலப்பக்கச் சன்னலைப் பிடித்துக்கொள்வேன். முந்தானையின் ஊசி இடத்தோளில் இருக்கிறது. இடப்பக்க இருக்கையின் பெல்ட் இடத்தோள் வழியாக வருவதால் சரியாக அந்த ஊசியின் மேல்தான் அழுத்தும். வலப்பக்கத்தில் பெல்ட் வலத்தோள் வழியாக வரும், ஊசிக்கும் அதற்கும் சண்டை இல்லை. இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். மறுவாரம் வலப்பக்க இருக்கைக்குப் போட்டி நடக்கும்.

9 பிப்ரவரி

வெளிநாட்டு லே ஓவர்களில், அதாவது இரண்டு பறப்புகளுக்கு நடுவே அங்கே தங்கும் நாட்களில், எப்படி என்று கேட்டிருக்கிறார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை 1 முதல் வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் பெல்ட் கட்டாயம். ஒருவர் போடாவிட்டாலும் ஓட்டுநருக்கு 400 திர்ஹாம் அபராதம், உரிமத்தில் 4 கரும்புள்ளிகள். அங்கேயும் சுமை ஓட்டுநர் தலையில்தான், ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பிடிபடுவோம் என்ற நம்பிக்கை அங்கே எல்லாருக்கும் இருக்கிறது. ‘பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும்’ என்று ஓட்டுநர் சொல்லும்போது அது அவருடைய கருத்தாகக் கேட்காது, ஊரின் சட்டமாகக் கேட்கும். இங்கே முணுமுணுக்கும் அதே கேப்டன்கள் அங்கே பேசாமல் போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பின்னிருக்கைக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அங்கே விடுதிக்கும் விமான நிலையத்துக்கும் ஓடும் வண்டிகளில் 15 இருக்கை வேன்கள் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால் அந்த வேன் கவிழும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-லேயே எச்சரித்து, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கவிழும் வண்டியில் பெல்ட் செய்யும் முதல் வேலை ஆளை வண்டிக்குள்ளேயே வைத்திருப்பது.

நகைச்சுவை நடிகர் டிரேசி மோர்கன் 2014 ஜூனில் அடிபட்டதும் ஒரு வேனில்தான். மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், நாஷ் இறந்த அதே நெடுஞ்சாலை. பின்னாலிருந்து லாரி மோதியது. அதன் ஓட்டுநர் 28 மணி நேரமாகத் தூங்கவில்லை. வேனின் பின்பகுதியில் இருந்தவர்களில் ஒருவர் இறந்தார். பெல்ட் அணியாததும் காயங்களைக் கடுமையாக்கியது என்று விசாரணைக் குழு எழுதியது. வேன் ஓட்டுநர் எவ்வளவு நல்லவர் என்பது அங்கே ஒரு பொருட்டாக இல்லை. ‘எங்கள் டிரைவர் அண்ணன் தங்கமானவர், பதினைந்து வருட அனுபவம்’ என்று இங்கே எழுதியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களை மோதப்போகும் லாரியை ஓட்டுகிறவர் உங்கள் அண்ணன் இல்லை.

நம் டெம்போ டிராவலர்களில் சிலவற்றில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கிறது, அது போதுமா என்று ஒரு துணைக்கேள்வி. மூன்று முனைப் பெல்ட்டுக்கு ஈடாகாது, இல்லாததற்கு எவ்வளவோ மேல். இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாக இருக்க வேண்டும். வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. விமானத்தில் பயணிகளிடம் நாம் சொல்வதேதான்.

16 பிப்ரவரி

மகளின் அப்பா மீண்டும் எழுதியிருக்கிறார். அவள் பெல்ட் போடத் தொடங்கிவிட்டாளாம். ‘டேக் ஆஃப் ஆகப் போகிறதா?’ என்று மற்றவர்கள் சிரிக்கிறார்களாம். மூத்தவர்களிடம் அவள் எடுத்துச் சொல்லலாமா என்று கேட்கிறார்.

ஐயா, இதில் என் மனம் இரண்டாகத்தான் நிற்கிறது. 1977-இல் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி வரவில்லையே என்ற ஐயம் விமானி அறைக்குள்ளேயே எழுந்தது, ஆனால் மூத்த கேப்டனை அது நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான், இளையவர் பேச வேண்டும், மூத்தவர் கேட்க வேண்டும் என்பதையே ஒரு பாடமாக்கி விமானத்துறை முழுவதும் கற்பித்தார்கள். நானும் கற்பித்தேன். அந்தப் பாடம் கேப்பின் கதவோடு நின்றுவிடுகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதே சமயம், இன்னும் பணி நிரந்தரமாகாத ஒரு பெண்ணை மூன்று மூத்தவர்களுக்கு எதிரே நிறுத்துவதும் ஒரு தீர்வாகத் தெரியவில்லை. ஓட்டுநர் அண்ணனுக்கு நடந்தது அவளுக்கும் நடக்கும். ஏசிக்குப் பதில் ‘குழு மனப்பான்மை போதவில்லை’ என்று எழுதுவார்கள்.

முதல் குறிப்பில் பொறுப்பைப் பற்றி எழுதினேன். வண்டியில் மூத்த கேபின் ஊழியர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அப்போது என் நினைப்பு. இப்போது அதற்கும் முந்தைய படி ஒன்று தெரிகிறது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ 321, மியான்மரின் ஐராவதிப் பகுதிக்கு மேலே குலுங்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஐந்து நொடிகூட ஆகவில்லை, பெல்ட் இல்லாதவர்கள் கூரையில் மோதினார்கள். அடுத்த சில நாட்களுக்குள் அந்த நிறுவனம் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானமும் உணவும் பரிமாறுவதை நிறுத்தியது, குழுவினரும் உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும் என்றது. ஊழியர் ஒவ்வொருவரும் பயணிகளோடு வாதாடித் தன் பெல்ட்டைப் பெறவில்லை. மேலிடம் எழுத்தில் கொடுத்தது. கேப்புக்கும் அப்படி எழுத்தில் வேண்டும். நிறுவனத்துக்கும் வண்டி ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி: எல்லாரும் பெல்ட் போட்டபின்தான் வண்டி நகரும், அதற்காக ஆகும் தாமதத்துக்கு ஓட்டுநர் பொறுப்பல்ல. அந்த வரி இருந்தால் ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் மகள் டிரான்ஸ்போர்ட் டெஸ்குக்கு எழுதட்டும், மூத்தவர்களைப் பற்றி அல்ல, கொக்கியைப் பற்றி. ‘இந்த எண் கொண்ட வண்டியில், கடைசி வரிசை இடப்பக்கக் கொக்கி கவருக்கு அடியில் இருக்கிறது’ என்று வண்டி எண்ணோடு எழுதினால் அது யார்மீதும் புகாராகாது, பழுது அறிக்கை. பழுது அறிக்கையை மூடாமல் வைத்திருப்பது எந்த விமான நிறுவனத்துக்கும் பிடிக்காத காரியம்.

20 பிப்ரவரி

‘எழுதினேன், இரண்டு நாளில் கொக்கி வெளியே வந்துவிட்டது, ஆனால் டவலை மறுபடி விரித்துவிட்டார்கள்’ என்று இன்னொரு நிறுவனத்தில் இருப்பவர். டவலைப் பற்றித் தனியாக ஒரு அறிக்கை எழுதுங்கள். சளைக்காதீர்கள்.

2 மார்ச்

வண்டி உரிமையாளர் ஒருவர் கேட்கிறார்: கவரைக் கழற்றச் சொன்னால் இருக்கை அழுக்காகும், ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்வார், என்ன செய்வது?

கழற்ற வேண்டாம். கவரைத் தைத்த கடைக்கே வண்டியைக் கொண்டுபோங்கள். கொக்கிகளை எல்லாம் வெளியே இழுத்து நிறுத்திவிட்டு, கவரின் மேல் அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். அங்கே நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தால் பிரிந்து வராது. கடைசி வரிசையை விட்டுவிட வேண்டாம். முதலில் அதைத்தான் செய்யச் சொல்ல வேண்டும். நடுவரிசையின் நடு இருக்கைக்கு உரிய கொக்கி பக்கத்துக் கொக்கியோடு குழம்பும், அதற்கு மட்டும் வேறு நிற நூலில் ஓரம் தைத்தால் இருட்டில் ஓட்டுநருக்கும் எடுத்துக் கொடுக்க எளிது. டவல் விரித்தே ஆக வேண்டும் என்றால் முதுகுச் சாய்வில் மட்டும் விரியுங்கள்.